புயல் போன மறுநாளுக்கு ஒரு மின்பெட்டி: 200 வாட் பேனல், 12.8 வோல்ட் 50 ஏஎச் பேட்டரி

2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கஜா கரையேறியபோது லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. டெல்டாவின் உட்கிராமங்களுக்குக் கரண்ட் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று. பேனலும் பேட்டரியும் சேர்ந்த இந்தச் சோலார் மின்பெட்டியின் கணக்கு முழுக்க அப்படி ஒரு வாரத்தை வைத்துப் போட்டது: நவம்பர் மாதம், மேகம் மூடிய வானம், கடைகள் பூட்டு, ஒரு ஃப்யூஸ் போனால் மாற்று வாங்க வழியில்லை. கடையில் விற்கும் ரெடிமேட் ‘பவர் ஸ்டேஷன்’ பெட்டிகளில் குறை ஒன்றும் இல்லை, ஆனால் உள்ளே ஒரு போர்டு போனால் மொத்தப் பெட்டியும் போச்சு. இதில் ஒவ்வொரு பாகமும் தனித்தனி. ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடையில் கிடைக்கிற சாமானை வைத்தே பாதிப் பழுதைச் சரிசெய்துவிடலாம்.

மாடியில் ஏற்கெனவே சோலார் இருக்கிறதே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆன்-கிரிட் இன்வெர்ட்டர், லைனில் கரண்ட் போனதும் தானாக நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்கிற ஆள்மீது வீட்டு மின்சாரம் பாயக் கூடாது என்பதற்காக அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். மாடி முழுக்கப் பேனல் இருந்தும் வீடு இருட்டாகக் கிடப்பது இதனால்தான். அந்தப் பேனல்களைக் கழற்றி இந்தப் பெட்டியில் மாட்டப் பார்க்காதீர்கள். தொடராகக் கோத்த அந்த வரிசையில் பகலில் சில நூறு வோல்ட் டிசி நிற்கும், கையில் பட்டால் விடாது.

எதற்கு ஆகும், எதற்கு ஆகாது

முதலில் வரும் கேள்வி எப்போதும் மோட்டார்தான். ஆகாது. 1 எச்பி மோட்டார் ஓடும்போதே ஆயிரம் வாட்டுக்கு மேல் இழுக்கும், கிளம்பும் நொடியில் அதைப் போலப் பல மடங்கு. மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற வாடகை ஜெனரேட்டர்தான் வழி. ஃப்ரிட்ஜும் ஆகாது. இன்சுலினுக்காகத்தான் ஃப்ரிட்ஜ் என்றால், திறந்து பயன்படுத்தும் குப்பிகளில் பெரும்பாலானவை 30 டிகிரிக்குக் கீழே 4 வாரம் வரை தாங்கும் (லேபிளைப் பார்த்துக்கொள்ளவும்). ஈர மணலில் புதைத்த மண்பானைக்குள் வைத்தால் போதும்.

ஒரு நாள் செலவு இப்படி வருகிறது. 5 வாட் 12 வோல்ட் எல்இடி பல்பு 4, மாலை 5 மணி நேரம்: 100 வாட்-அவர் (வாட்டை மணி நேரத்தால் பெருக்கிய அளவு). 15 வாட் டிசி டேபிள் ஃபேன், இரவு 8 மணி நேரம்: 120. பத்து போனுக்குப் பாதி சார்ஜ்: 120. ரேடியோ: 12. நெபுலைசர் 120 வாட், கால் மணி நேரம் இரண்டு தடவை, இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்து: 75. ஆக மொத்தம் சுமார் 430.

பேட்டரி 12.8 வோல்ட், 50 ஏஎச் (ஆம்பியர்-அவர்), அதாவது 640 வாட்-அவர். அதில் 90 சதவீதம் எடுத்தால் 576. வானம் தெளிந்த நவம்பர் நாளில் 200 வாட் பேனல் 4 மணி நேர முழு வெயிலுக்குச் சமமாக வேலை செய்யும். வயர், சூடு, தூசி இழப்புக்குக் கால் பங்கைக் கழித்தால் 600 வரும். மேகம் மூடினால் அது 150க்கு இறங்கிவிடும். புயலுக்கு அடுத்த இரண்டு மூன்று நாள் பெரும்பாலும் மூடிய வானம்தான், ஆகவே நம்ப வேண்டியது 150ஐத்தான். நிறைந்த பேட்டரியோடு தொடங்கினால் முதல் நாள் முடிவில் 296 மிச்சம். இரண்டாம் நாள் ஃபேனை நிறுத்தினால் 136. மூன்றாம் நாள் வெளிச்சமும் போனும் மட்டும். அதற்குள் வெயில் வந்தால் ஒரே நாளில் பேட்டரி நிறைந்துவிடும். பேனலைச் சிறிதாக்கிப் பேட்டரியைப் பெரிதாக்குவதைவிட, 100 வாட் பேனல் இரண்டு வைப்பது இந்தக் காரணத்தால்தான். ஒன்று உடைந்தாலும் மற்றது இருக்கும் என்பது கூடுதல் லாபம்.

பேனல்

36 செல் கொண்ட 100 வாட் பேனல் இரண்டு. ஒவ்வொன்றும் சுமையில் சுமார் 18 வோல்ட், 5.6 ஆம்பியர், எதுவும் மாட்டாதபோது 22 வோல்ட். ‘100 வாட்’ என்று லேபிள் ஒட்டிய 60 வாட் பேனல்கள் சந்தையில் தாராளம். வாங்கும் இடத்திலேயே அளவுநாடாவைப் போட்டுப் பாருங்கள். நல்ல செல்கூட வெயிலில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக்கும், அதனால் 100 வாட்டுக்குக் குறைந்தது அரை சதுர மீட்டர் கண்ணாடி வேண்டும். அதில் பாதிப் பரப்புதான் இருந்தால் லேபிள் பொய். வீட்டுக்கு வந்தபின் உச்சி வெயிலில் மல்டிமீட்டரை 10 ஆம்பியர் டிசியில் வைத்துப் பேனலின் இரண்டு முனையையும் நேராகத் தொட்டால் 5 ஆம்பியருக்கு மேல் காட்ட வேண்டும். 3.5 காட்டினால் திருப்பிக் கொடுங்கள்.

இரண்டையும் தொடராகவே கோக்க வேண்டும். பேனல் வெயிலிலும் பெட்டி வீட்டுக்குள்ளும் இருந்தால் நடுவே 10 மீட்டர் வயர், போக வர 20 மீட்டர். 4 ஸ்கொயர் எம்எம் வயரில் அது கிட்டத்தட்ட 0.1 ஓம். இணையாகக் கோத்தால் 11 ஆம்பியர் ஓடி 18 வோல்ட்டில் 1.1 வோல்ட் வயரிலேயே போய்விடும். தொடரில் 5.6 ஆம்பியர்தான், 36 வோல்ட்டில் அரை வோல்ட் போனால் கணக்கில் வராது. மிச்சம் பிடிக்கிறேன் என்று 1.5 ஸ்கொயர் எம்எம் வீட்டு வயரை இழுத்து இணையாகக் கோத்தால் இழப்பு 2.5 வோல்ட்டைத் தாண்டும்.

சாய்மானம். பேனலை ஊரின் அட்சரேகை அளவுக்குச் சாய்க்கச் சொல்வார்கள். வேதாரண்யத்துக்கு அது 10 டிகிரி. வருஷம் முழுக்க அசையாமல் நிற்கும் பேனலுக்கு அது சரி. நவம்பர், டிசம்பரில் உச்சிச் சூரியன் தலைக்கு மேலிருந்து 25 முதல் 34 டிகிரி வரை தெற்கே சரிந்திருக்கும். ஆகவே தெற்கு பார்த்து 30 டிகிரி: 1 மீட்டர் நீளப் பேனலின் வடக்கு விளிம்பை அரை மீட்டர் தூக்கி முட்டுக் கொடுத்தால் வந்துவிடும். வானம் முழுக்க மேகம் என்றால் மாறாக, தட்டையாகப் படுக்கப் போடுங்கள். அப்போது வெளிச்சம் எல்லாத் திசையிலிருந்தும் சிதறி வருவதால், வானத்தை அதிகம் பார்க்கிற பேனலுக்குத்தான் அதிகம் கிடைக்கும். துணி உலர்த்தும் கொடி ஒன்று குறுக்கே நிழல் போட்டால்கூட அந்த வரிசைச் செல்கள் மந்தமாகும். தென்னை ஓலை நிழல் அதைவிட மோசம்.

கன்ட்ரோலர்

பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே நின்று சார்ஜைக் கட்டுப்படுத்துவது இது. 20 ஆம்பியர், 100 வோல்ட் தாங்கும் எம்பிபிடி, அதாவது பேனலின் கூடுதல் வோல்ட்டை இறக்கி ஆம்பியராக மாற்றிக் கொடுக்கும் ரகம். வழக்கமாக ஏமாறுவது இங்கேதான். பெட்டியின் மேல் எம்பிபிடி என்று அச்சடித்திருக்கும், உள்ளே பேனலை நேராகப் பேட்டரியோடு சேர்த்து விட்டுவிட்டுத் துண்டிக்கும் சாதாரண பிடபிள்யூஎம் இருக்கும். கையில் எடுத்துப் பார்த்தாலே பாதி தெரியும்: நிஜ எம்பிபிடிக்குள் செம்புக் கம்பி சுற்றிய காயில் ஒன்று இருந்தாக வேண்டும், அதனால் கனக்கும். சந்தேகமானால் அரைகுறையாக இறங்கிய பேட்டரியை மாட்டி, வெயிலில் சார்ஜ் ஏறும்போது பேனல் முனையில் வோல்ட் பாருங்கள். தொடர்க் கோப்பில் 34, 36 காட்டினால் எம்பிபிடி. பேட்டரி வோல்ட்டேஜை ஒட்டி 13, 14 காட்டினால் வாங்கியது பிடபிள்யூஎம். தொடராகக் கோத்த 200 வாட்டை அதில் விட்டால் 5.6 ஆம்பியரை 13.3 வோல்ட்டில்தான் கொடுக்கும், அதாவது 75 வாட்.

செட்டிங்: சார்ஜ் 14.2 வோல்ட், ஃப்ளோட் (நிறைந்தபின் பிடித்து வைக்கும் வோல்ட்) 13.5, ஈக்வலைஸ் (லெட் ஆசிட் பேட்டரிக்கான கூடுதல் வோல்ட் சார்ஜ்) அணைப்பு, லோடு நிற்பது 12.0. லெட் ஆசிட் செட்டிங்கிலேயே விட்டால் சில கன்ட்ரோலர்கள் மாதம் ஒருமுறை ஈக்வலைஸ் என்று 14.8ஐத் தாண்டி ஏற்றும். செல்லுக்கு 3.65 ஆனதும் பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு போர்டான பிஎம்எஸ் பட்டென்று துண்டித்துவிடும். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. சில மலிவு மாடல்களில் ‘லித்தியம்’ என்கிற தேர்வு 3 செல் லித்தியம் அயனுக்கானது, 12.6 வோல்ட்டில் நிறுத்திவிடும். நம் 4 செல் ஃபெரோ பாஸ்பேட் பேட்டரி அந்த வோல்ட்டேஜில் ஏறக்குறைய காலி. ‘நாள் முழுக்க வெயில், ஆனால் இரவு எட்டு மணிக்கே இருட்டு’ என்று வரும் புகார்களில் முதலில் இதைப் பாருங்கள்.

மாட்டும் வரிசை: முதலில் பேட்டரி, பிறகு பேனல், கடைசியில் லோடு. கழற்றும்போது தலைகீழ். பேட்டரி இல்லாமல் பேனலை மாட்டினால், மட்டமான கன்ட்ரோலர் பேனல் வோல்ட்டேஜை அப்படியே லோடு பக்கம் விட்டுப் பல்புகளை எரித்துவிடும்.

பேட்டரியும் பிஎம்எஸ்ஸும்

12.8 வோல்ட் 50 ஏஎச் லித்தியம் ஃபெரோ பாஸ்பேட், உள்ளே 50 ஆம்பியர் பிஎம்எஸ், எடை 6, 7 கிலோ. கொள்ளளவு நிஜமா என்று பார்க்கக் காரின் 55 வாட் ஹெட்லைட் பல்பு போதும். முழுதாக ஏற்றிய பேட்டரியில் மாட்டிக் கடிகாரத்தைப் பாருங்கள். 4.5 முதல் 5 ஆம்பியர் இழுக்கும், 10 மணி நேரத்துக்குக் குறையாமல் எரிய வேண்டும். 6 மணி நேரத்தில் அணைந்தால் உள்ளே இருப்பது 30 ஏஎச். எரியும்போது பல்பு கொதிக்கும், பிளாஸ்டிக்கின் மேல் வைக்காதீர்கள்.

இந்த ரக பேட்டரியில் வோல்ட் பார்த்து மிச்சம் சொல்ல முடியாது. 13.3க்கும் 13.0க்கும் நடுவில் பாதிக்கு மேற்பட்ட சார்ஜ் ஒளிந்திருக்கும். அதனால் 50 ஆம்பியர் ஷன்ட் (ஓடும் கரண்டை அளக்க உதவும் சிறு தடை) வைத்த மீட்டர் ஒன்றைச் சேர்த்தோம். ஷன்ட் நெகட்டிவ் பக்கம் உட்காரும். ஒரு பக்கம் பேட்டரி நெகட்டிவ் மட்டும், மற்ற எல்லா நெகட்டிவும் மறுபக்கம். ஒரே ஒரு வயர் தவறிப் பேட்டரி முனைக்கு நேராகப் போனாலும் மீட்டர் பொய் சொல்லத் தொடங்கும்.

பிஎம்எஸ் பூட்டிக்கொண்டால் பேட்டரி முனையில் 0 அல்லது ஏதோ சில வோல்ட் காட்டும். பேட்டரி செத்துவிட்டது என்று தூக்கி எறிந்தவர்கள் உண்டு. பல கன்ட்ரோலர்கள் பேட்டரி வோல்ட் தெரியாமல் சார்ஜைத் தொடங்கவே மாட்டா, ஆகவே வெயில் இருந்தும் பயனில்லை. பைக் பேட்டரியை எடுத்து, அதன் பாசிட்டிவிலிருந்து 12 வோல்ட் இண்டிகேட்டர் பல்பு வழியாக நம் பேட்டரியின் பாசிட்டிவுக்குப் போங்கள், நெகட்டிவ் நெகட்டிவோடு. லோடு எல்லாம் கழற்றியிருக்க வேண்டும். சில நொடியில் முனையில் 10 வோல்ட்டுக்கு மேல் எழுந்துவிடும். உடனே கன்ட்ரோலரையும் பேனலையும் மாட்டி, பைக் பேட்டரியை எடுத்துவிடலாம். பல்பு இல்லாமல் நேரடியாகத் தொடாதீர்கள்.

வயரிங்

பேட்டரி பாசிட்டிவிலிருந்து 15 சென்டிமீட்டருக்குள் 40 ஆம்பியர் ஃப்யூஸ், போல்ட் வைத்து முடுக்கும் மிடி ரகம். லித்தியம் பேட்டரி ஷார்ட் ஆனால் வரும் கரண்டைக் கண்ணாடிக் குழாய் ஃப்யூஸ் நிறுத்தாது. உள்ளே மின்பொறி (ஆர்க்) நீண்டு எரிந்துகொண்டே இருக்கும். வீட்டு மெயின் போர்டில் இருக்கும் ஏசி (மாறுதிசை மின்சார) எம்சிபி சுவிட்சும் அதே காரணத்தால் வேண்டாம். ஏசி நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால் ஆர்க் தானே அணையும், டிசிக்கு அந்த வசதி இல்லை.

ஃப்யூஸிலிருந்து பஸ்பார் (பல வயர்கள் சேரும் உலோகப் பட்டை) வரை 10 ஸ்கொயர் எம்எம். பஸ்பாரிலிருந்து கன்ட்ரோலருக்கு 4 ஸ்கொயர் எம்எம்மும் 25 ஆம்பியர் ஃப்யூஸும். வெயில் நேரத்தில் இதில் 15 ஆம்பியர் மணிக்கணக்கில் ஓடும். மெல்லிய வயர் வைத்த மலிவு பிளேடு ஃப்யூஸ் ஹோல்டர் இங்கே உருகும். ஃப்யூஸ் போகாது, ஹோல்டர்தான் வெந்து கறுத்திருக்கும். அரை மணி நேரம் ஓடியபின் விரலால் தொட்டுப் பாருங்கள், சுட்டால் மாற்றுங்கள்.

பல்பு, ஃபேன், யூஎஸ்பி மூன்றும் கன்ட்ரோலரின் லோடு முனையிலிருந்து, தனித்தனி பிளேடு ஃப்யூஸோடு: 5, 5, 10 ஆம்பியர். 12.0 வோல்ட்டில் அது தானே நிறுத்திவிடும். இன்வெர்ட்டர் மட்டும் அங்கே கூடாது, நேராகப் பஸ்பாரில், நடுவே ஒரு சுவிட்ச். 300 வாட் ப்யூர் சைன் இன்வெர்ட்டர் முழுச் சுமையில் 29 ஆம்பியர் இழுக்கும், கன்ட்ரோலரின் லோடு முனை பொசுங்கிவிடும்.

சுவிட்சை முதல் தடவை போடும்போது ‘டப்’ என்று பொறி பறந்து, பிஎம்எஸ் ஷார்ட் என்று நினைத்துப் பூட்டிக்கொள்ளலாம். இன்வெர்ட்டருக்குள் இருக்கும் கெபாசிட்டர் காலியாக இருப்பதுதான் காரணம். சுவிட்சின் இரண்டு முனைக்கும் குறுக்கே அதே இண்டிகேட்டர் பல்பை இரண்டு நொடி பிடியுங்கள். பளிச்சென்று எரிந்து மங்கும். மங்கியதும் சுவிட்சைப் போட்டால் சத்தமே வராது.

நெபுலைசரும் லேப்டாப்பும் தவிர வேறு எதற்கும் இன்வெர்ட்டரைத் தொடாதீர்கள். சும்மா ஓடினாலே 6 முதல் 10 வாட் தின்னும். ஒரு பகல் ஒரு இரவு அணைக்க மறந்தால் 150 முதல் 240 வாட்-அவர், மூடிய வானத்தில் பேனல் தரும் அன்றைய சம்பாத்தியம் முழுதும் அதிலேயே போய்விடும். போன் சார்ஜரை 230 வோல்ட்டில் மாட்டுவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது. 12லிருந்து 5 வோல்ட்டுக்கு இறக்கும் பக் கன்வெர்ட்டர் வழியே யூஎஸ்பி முனை ஆறு போதும், அதில் ஃபாஸ்ட் சார்ஜ் வேண்டாம். தெருப் போன்கள் வரிசையில் வரும்போது எல்லாவற்றையும் அணைத்து வாங்கி, 50 சதவீதம் வந்ததும் எடுத்து அடுத்ததை மாட்டினால் எல்லோருக்கும் கிடைக்கும்.

இன்வெர்ட்டரிலிருந்து இரண்டு பக்கமும் பிளக் உள்ள வயர் செய்து வீட்டு சாக்கெட்டில் செருகும் வேலையைத் தப்பித்தவறியும் செய்யாதீர்கள். மெயினை அணைத்தேன் என்று நினைத்த வீட்டில்தான் அது அணையாமல் இருக்கும். டிரான்ஸ்ஃபார்மர் வழியே எதிர்ப்பக்கம் 11 ஆயிரம் வோல்ட்டாக ஏறி, வெளி மாவட்டத்திலிருந்து வந்து கம்பம் நட்டுக்கொண்டிருக்கும் ஆளைப் போய்ச் சேரும்.

பேனல் வயர் முனைக்கு எம்சி4 கனெக்டர். கட்டிங் பிளேயரால் நசுக்கிய எம்சி4 முதல் மாதம் நன்றாக இருக்கும், அப்புறம் உள்ளே தளர்ந்து சூடாகி உருகும். கிரிம்ப் செய்யும் கருவி இல்லையென்றால் கடையில் கொடுத்துச் செய்துகொள்ளுங்கள். ஒரு கம்பெனி ஆண் முனையை இன்னொரு கம்பெனி பெண் முனையில் திணிக்க வேண்டாம். ‘கிளிக்’ என்று விழுந்தாலும் தொடுதல் சரியாக இருக்காது. உப்பளக் காற்றில் வெறும் செம்பு ஒரு மழைக்காலத்தில் பச்சை பூத்துவிடும். டின் பூசிய லக் (வயர் முனையில் மாட்டும் வளையம்), முடுக்கியபின் மேலே வாசலின் பூச்சு.

லித்தியம் கிடைக்காதபோது டிராக்டர் பேட்டரி ஊருக்கு ஊர் இருக்கும், அதையே வைக்கலாம். 75, 80 ஏஎச் இருந்தாலும் எடுக்கக்கூடியது அதில் கால் பங்கு, கிட்டத்தட்ட 240 வாட்-அவர். 12.2 வோல்ட்டுக்குக் கீழே இறக்கினால் அடுத்த உழவுக்கு வண்டி கிளம்பாது. கன்ட்ரோலரை லெட் ஆசிட்டுக்கு மாற்றி, காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும், சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். லித்தியத்தோடு இணையாகக் கோப்பது கூடவே கூடாது.

பெட்டிக்கு மூடியுள்ள பிளாஸ்டிக் டூல் பாக்ஸ் போதும். வயர் நுழையும் துளைகளுக்குக் கிளாண்டு போட்டு அடைத்து, இன்வெர்ட்டரை மூடிக்கு வெளியே பக்கவாட்டில் மாட்டியிருக்கிறோம், அதன் சூடு பேட்டரிக்கு ஏறாமல் இருக்க. வெள்ளம் வரும் ஊரில் இடம் பரண்தான். ஒருமுறை தண்ணீரில் மூழ்கிய லித்தியம் பேட்டரி, காய்ந்த பின் வோல்ட் சரியாகக் காட்டினாலும் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. வீட்டுக்கு வெளியே தள்ளி வையுங்கள். பேனல்களைப் புயலுக்கு முன்பே இறக்கி, கண்ணாடியோடு கண்ணாடி பார்க்க நடுவில் போர்வை வைத்துக் கட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ள வேண்டும்.

சும்மா இருக்கும் மாதங்களில் பேட்டரியைப் பாதிச் சார்ஜில் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மீட்டரைப் பார்த்தால் போதும். செப்டம்பர் கடைசியில் முழுதாக ஏற்றி, ஹெட்லைட் பல்பு சோதனையை ஒருமுறை செய்து, மறுபடி நிறைத்து வையுங்கள். மூடியின் உள்பக்கம் ஒரு கவரில் 5, 10, 25 ஆம்பியர் ஃப்யூஸ் நான்கு நான்கு, மிடி ஃப்யூஸ் இரண்டு, இண்டிகேட்டர் பல்பு வயரோடு ஒன்று, மாட்டும் வரிசை எழுதிய அட்டை. அட்டையை பால்பாயிண்டில் எழுதுங்கள், ஸ்கெட்ச் பேனா மை ஈரத்தில் கரைந்துவிடுகிறது.